ஏற்காடு மலைப்பாதையில் கார் நின்றால் உடனே பம்பைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விழா நெருங்கினால் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு கோரிக்கை தவறாமல் வந்துவிடுகிறது. ஏற்காடு மலைப்பாதையில் பழைய கார்களை அனுமதிக்கக் கூடாது, கொண்டை ஊசி வளைவில் நின்றுபோய் எல்லோரையும் மறிக்கின்றன என்பதுதான் அது. இந்த முறை எழுதிய அன்பர் பழைய வண்டிகள் அத்தனையையும் அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பச் சொல்கிறார். அவர் கோபம் நியாயமானது. வெயிலில், பின்னால் பஸ்ஸும் முன்னால் வேனுமாக, குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு வளைவில் மாட்டிக்கொண்டவர் வேறு எப்படி எழுதுவார்? ஆனால் அவர் கேட்கும் தீர்வு தவறானது. அந்தக் கார்கள் ஏன் நிற்கின்றன என்பது தெரிந்தால் அவரே அதைக் கேட்க மாட்டார்.

நான் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். தொழில் கற்றது செவ்வாய்ப்பேட்டை லாரிப் பட்டறையில். பிறகு, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைக் கையாண்ட ஒரு மேஸ்திரியிடம் பல வருடம் இருந்தேன். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள வண்டி என்றால் இன்றும் ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் சிலர் என்னிடம்தான் இறக்கிக்கொண்டு வருகிறார்கள். மலையில் நின்றுபோய் என்னிடம் கட்டி இழுத்து வரப்பட்ட பழைய கார்களில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் நன்றாகவே இருந்தது. பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் தடை. எங்கே என்று பார்க்காமல் சாமான்களை மாற்றிக்கொண்டே போனதால்தான் ஒரே கார் ஒவ்வொரு கோடையிலும் ஒரே வளைவில் நின்றது.

முதலில் நம் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அத்தனை உயரத்தையும் ஏறியாக வேண்டும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் எஞ்சின் முழு வேலை செய்கிறது. வண்டியோ மாட்டு வண்டி வேகத்தில் நகர்கிறது. ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, பானெட்டுக்குள் சூடு ஏறுகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. ஏற்காட்டில் அது கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதித்து ஆவியாகும். வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருப்பதால் பின்னால் இருக்கும் டேங்க், முன்னால் இருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தரும் பம்பைவிடத் தாழ்ந்துவிடுகிறது. சமதரையில் எளிதாக இழுத்த பம்ப் இங்கே தூக்கி இழுக்க வேண்டும். ஓமலூர் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் வெளியே தெரியாத சிறு குறை, பத்தாவது வளைவுக்குள் தெரிந்துவிடும்.

இதைப் பொதுப்படையாகச் சொல்லாமல் ஒரு காரை வைத்தே சொல்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்று இருக்கிறது. 1960-களின் நடுவில் வந்த, இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையை மடித்து வைக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை அந்த வகைக் கார்கள் தயாராயின. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலாட்டி. ஹெரால்டுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. அடிச்சட்டமும் எஞ்சினும் ஹெரால்டின் வழியில் வந்தவை என்பதால், எங்கள் மேஸ்திரியிடம் கற்ற கைக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமாகத் தெரியாது. முன்பக்க மட்கார்டுகளும் பானெட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். எஞ்சின் முழுவதும் கண்முன் இருக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இந்தக் கால கார்களில் ஒரு பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டியிருப்பதை நினைத்தால், அதை வரைந்தவருக்கு மெக்கானிக்கின் முதுகின் மேல் அக்கறை இருந்தது என்றே தோன்றும்.

அந்தக் காரில் 1,147 சி.சி. எஞ்சின், எஸ்.யூ. என்ற வகை இரட்டைக் கார்புரேட்டர்கள். எஞ்சினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டால் இயங்கும், டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு உள்ள பம்ப். டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால். குறை இதுதான்: சேலத்துக்குள் நன்றாக ஓடும். மலை ஏறத் தொடங்கிச் சில வளைவுகளில் இழுவை குறையும், இருமும், நின்றுவிடும். கால் மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். என்னிடம் வருவதற்கு முன் வேறு ஒரு பட்டறையில் கார்புரேட்டர்களைப் பிரித்துப் புது ஊசி, புது வாஷர் எல்லாம் போட்டிருந்தார்கள். அப்படியும் நின்றது. மின்சார பம்ப் ஒன்றைப் பொருத்தினார்கள். மறுபடி நின்றது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டர்கள் இரண்டை வழியில் செருகினார்கள். அதற்கும் கார் மசியவில்லை. செலவு மட்டும் ஏறியது.

அந்த மின்சார பம்ப் காரை நிறுத்தியதோடு போகவில்லை, ஆபத்தையும் கொண்டு வந்தது. ஸ்பிட்ஃபயரின் அசல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டரை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மட்டுமே. எஸ்.யூ. கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவைத் தொட்டி நிறைந்ததும் வழியை அடைக்கும் மிதவை ஊசி சுமார் மூன்றுக்கு மேல் தாங்காது. கடையில் 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்று விற்கும் பம்புகள் பல அதைவிட அதிகமாகத் தள்ளுபவை. ஊசி பெட்ரோலைத் தடுக்க முடியாமல் திறந்துகொள்ள, மிதவைத் தொட்டி நிரம்பி வழிகிறது. வழிகிற பெட்ரோல் எங்கே விழும்? அந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கம். கார்புரேட்டர்களுக்குக் கீழே, மலை ஏறி வந்த சூட்டோடு அந்தப் புகைக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. அதன் மேல் பெட்ரோல் சொட்டிய கறையை நான் பார்த்தேன். அந்தக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் அந்தக் காரில் போய்வருகிறவர்கள். நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை இந்தத் தொழிலில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம் நீள்கிறது.

கார் நின்றால் முதல் சோதனைக்கு ஸ்பேனர் தேவையில்லை. ஓட்டியவரிடம் கேட்க வேண்டும்: எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றதா, மூச்சு முட்டி, தயங்கி, துள்ளித் துள்ளி நின்றதா? சட்டென்று நின்றால் பெரும்பாலும் தீப்பொறிப் பக்கம் கோளாறு. தீப்பொறிக்கு உதவும் கண்டென்சர் என்ற சிறு மின்பாகம் சூடானால் மட்டும் கைவிடும். ஆறினால் வேலை செய்யும். பெட்ரோல் கோளாறு என்று நினைத்துப் பலர் ஏமாறும் இடம் இது. மூச்சு முட்டி நின்றால் பெட்ரோல் வழியைச் சந்தேகிக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. நின்ற அந்த நிமிடமே, மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடிக்காமல், வண்டியை ஓரம் கட்டி, எஞ்சின் சற்று ஆறியபின், கார்புரேட்டரின் மிதவைத் தொட்டி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். எஸ்.யூ.வில் மூன்று திருகுகள்தான். தொட்டி நிறைய பெட்ரோல் இருந்தால் டேங்க், பம்ப், குழாய் எல்லாம் நிரபராதிகள். தொட்டி காலியாக இருந்தால் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் மிதவை ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பின்னோக்கிப் போக வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்தக் குடும்பம் இரண்டு கார்புரேட்டர்களையும் பிரித்துப் போட்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது டேங்க் மூடி. பழைய கார்கள் பலவற்றில் காற்று உள்ளே போவதற்கான துளை மூடியிலேயே இருக்கும். தூசியாலோ, அசல் மூடி தொலைந்து வேறு மூடி போட்டதாலோ அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்புடன் இழுபறி நடக்கும். நின்ற காரின் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே கார் கிளம்பினால் வேலை முடிந்தது. பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பம்ப் வாங்கக் கூடாது. ஸ்பிட்ஃபயரில் மூடி ஒழுங்காக இருந்தது.

நான் முதலில் மின்சார பம்பைக் கழற்றிவிட்டு, அசல் பம்புக்குப் புது டயாஃப்ரம் போட்டுப் பொருத்தினேன். பழைய டயாஃப்ரம் கிழியும் நிலையில் இருந்தது. அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருப்பதும் பெட்ரோல் வாடை அடிப்பதும் அதற்கு அடையாளம். பழைய கார் வைத்திருப்பவர்கள் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்க்கும் பழக்கத்தை விடக் கூடாது. பிறகு பட்டறைக்குள், கார் ஓடாமல் நிற்கும் நிலையில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறிய கேன் ஒன்றைக் கார்புரேட்டருக்கு மேலே தொங்கவிட்டு அதிலிருந்து நேரடியாக பெட்ரோல் கொடுத்தேன். ஒரு மீட்டர் உயரம் இருந்தால் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும், அவ்வளவே போதும். எஞ்சின் தடையில்லாமல் ஓடியது. கார்புரேட்டர்கள் மேல் பழி இல்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

இனி வழியைப் பார்க்க வேண்டும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன். இதுவும் பட்டறைச் சோதனைக்கு மட்டும். அப்படியே சாலையில் ஓட்டக் கூடாது. விடியற்காலையில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது சமதரையில் ஓடவிட்டால் பெட்ரோல் தெளிவாக வந்தது. காரின் மூக்கைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தியதும் குமிழிகள் வரத் தொடங்கின. இங்கே நின்று யோசிக்க வேண்டும். குமிழி வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: பெட்ரோல் கொதித்து ஆவியாவது, அல்லது வெளிக்காற்று உள்ளே புகுவது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் கொதிக்காது. ஆகவே காற்றுதான். எங்கே புகுகிறது? அதே துண்டை பம்புக்கு முன்னால் மாற்றிச் செருகினேன். அங்கேயும் குமிழிகள். எனவே ஓட்டை பம்பில் இல்லை, இன்னும் பின்னால் இருக்கிறது. கடைசியில், டேங்கின் வாயையும் இரும்புக் குழாயையும் இணைக்கும் விரல் நீளத்துக்கும் சற்றே அதிகமான ரப்பர் குழாயில் கை வைத்தேன். விறைத்து, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தது. அங்கிருந்து ஒரு சொட்டு பெட்ரோல்கூடக் கீழே விழவில்லை. இழுக்கும் பக்கத்து ஓட்டை வெளியே கசியாது. காற்றை உள்ளே வாங்கும். இளநீர் குடிக்கும் குழாயில் கீறல் விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதானே வரும், அதுபோல. சமதரையில் பம்ப் எப்படியோ சமாளித்தது. மூக்கு மேலே போய் டேங்க் தாழ்ந்தபோது அதனால் முடியவில்லை.

குழாயை மாற்றினேன். வேலை அத்துடன் முடியவில்லை. மலையில் ஓட்டிப் பார்த்தபோது முன்பு நின்ற வளைவுகளைத் தாண்டி நன்றாக ஏறியது. மேலே வண்டி வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மறுபடி நின்றது. உரிமையாளர் முகம் வாடிவிட்டது. எனக்கோ இது புதுக் கோளாறு என்று தெரிந்தது. ஏனென்றால் இப்போது குளிர்ந்த நிலையில் குமிழி வருவதில்லை, சூட்டில்தான் வருகிறது. முந்தைய பட்டறையில் செருகிய ஃபில்டர்களில் ஒன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஈரத்துணியைப் போட்டதும் சற்று நேரத்தில் கார் கிளம்பியது. லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் ஈரத்துணி வைத்தியம்தான். ஆனால் அதைச் சிகிச்சை என்று நினைத்தால் அடுத்த வளைவிலும் துணி நனைக்க வேண்டும். கோளாறு எந்த இடத்தில் என்று காட்டும் சாட்சியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு ஃபில்டர்களையும் அகற்றி, சூட்டிலிருந்து தள்ளி ஒரே ஒன்றை வைத்து, குழாயின் போக்கை மாற்றி, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் காணாமல் போயிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டைத் தட்டிச் செய்து போட்டேன். இப்போது அந்தக் கார் விழாக் கூட்டத்திலும் ஏறி இறங்குகிறது.

ஒரே அறிகுறி, இரண்டு காரணங்கள். இதுதான் பலரைத் தடுமாற வைக்கிறது. ஒன்றைச் சரிசெய்தும் கார் நின்றால் 'இது காரணம் இல்லை போலிருக்கிறது' என்று சரியாகச் செய்த வேலையையும் பிரித்துப் போடுகிறார்கள்.

ரப்பர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு வருகிறேன். நம் பெட்ரோல் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அது நல்ல காரியம், சேலத்துக் குழந்தைகளின் மூளைக்குச் செய்த நன்மை. இப்போது, கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் சாராயமான எத்தனாலைக் கலக்கிறார்கள். 2022-இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் எங்கும் அதுவே என்றாகிவிட்டது. கரும்பு விவசாயிக்கு இதனால் வருமானம் என்றால் நான் எதிர்ப்பவன் அல்ல. ஆனால் 1960-களின் ரப்பரும் தக்கையும் எத்தனாலைக் கனவிலும் கண்டதில்லை. ரப்பர் சிலவற்றில் ஊதிப்போகிறது, சிலவற்றில் விறைத்துப்போகிறது. வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும் குழாயின் உள்தோல் உரிந்து, இழுக்கும்போது மடங்கி வழியை அடைத்து, நிறுத்தியதும் திரும்பிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்க்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனாலைத் தாங்கும் குழாயில் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்ற தரக் குறியீடு அச்சிட்டிருக்கும். சேலத்து உதிரிபாகக் கடைகளில் மீட்டர் கணக்கில் அறுத்துக் கொடுக்கும் கறுப்புக் குழாய்கள் பலவற்றில் எந்த எழுத்தும் இல்லை. வாங்குபவர்கள் எழுத்தைக் கேட்டு வாங்கினால் கடைக்காரர்களும் வரவழைப்பார்கள்.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பது ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகத் தெரிய வேண்டிய செய்தி. மழைக்காலப் பனிமூட்டத்தில், பாதி காலியான டேங்குடன் ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் கார்களில் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்தக் கார் ஸ்டார்ட் ஆகாது, டேங்கும் துருப்பிடிக்கும். துருத்தூள் ஓடும்போது உறிஞ்சும் வாயில் வந்து அடைந்து, நின்றதும் கீழே உதிர்ந்துவிடும். கால் மணி நேரத்தில் கார் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் தண்ணீர் தனி அடுக்காகவும் துரு மண்டியாகவும் தெரிந்துவிடும். மழைக்கு முன் டேங்கை நிரப்பி வையுங்கள், அல்லது முழுவதும் வடித்துவிடுங்கள்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் பழைய கார்புரேட்டரில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றினால் கலவை மெலிந்துபோகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் போகிறது. ஏற்காட்டிலோ காற்று மெலிவதால் கலவை கெட்டியாகிறது, அதாவது எரிபொருள் மிஞ்சுகிறது. இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் மேலே டியூனிங் செய்த கார் மேலே அழகாக ஓடும். அதே கார் சேலத்துக்கு இறங்கியதும் மெலிந்த கலவையில் சூடேறித் தயங்கும். ஆகவே எந்த ஊரில் அதிகம் ஓடுகிறதோ அந்த ஊரில் வைத்துத்தான் எஸ்.யூ.வைத் திருக வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடியிலிருக்கும் சிறு தூக்கும் ஊசியால் அதற்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவை கெட்டி. குறைந்து நிற்கப் பார்த்தால் மெலிவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அந்தப் பிஸ்டனின் துள்ளலை அடக்க மேலே இருக்கும் டாஷ்பாட் என்ற குழலில் ஆயில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது வற்றினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கார் திணறும். பெட்ரோல் வரவில்லை என்று தோன்றும். குளிரில் ஸ்டார்ட் செய்யச் சோக்கை இழுத்துவிட்டால் கீழே இறங்கும் ஜெட் (பெட்ரோல் வரும் துளைக்குழாய்) சில சமயம் திரும்ப ஏறாமல் மாட்டிக்கொண்டு கறும்புகை அடிக்கும். விரலால் மேலே தள்ளினால் ஏறிவிடும். இரட்டைக் கார்புரேட்டர்களின் காற்றைச் சமப்படுத்த, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் இரைச்சலையும் மாறி மாறிக் கேட்டால் போதும். எங்கள் மேஸ்திரிக்கு வேறு கருவி இருந்ததில்லை. அவர் சமப்படுத்திய வண்டி பிசகியதும் இல்லை.

இப்போது என் கோரிக்கைகள். நாம் எந்தப் பெட்ரோலை ஊற்றுகிறோம் என்பது நமக்குத் தெரிய வேண்டும். பெட்ரோல் பங்க்கில் விலை எழுதியிருக்கும் இடத்திலேயே எத்தனால் சதவீதத்தையும் தமிழில், தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தில் போட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அடிவாரத்தில் பழைய கார்களைத் திருப்பி அனுப்புவதைவிட, விழா நாட்களில் அங்கே ஒரு தொழில் தெரிந்தவரை உட்கார வைத்து பெட்ரோல் வாடை, ஒழுகல், ரப்பர் குழாய், தீயணைப்பான் நான்கையும் பார்க்கச் செய்வது மேல். ஒழுகும் வண்டி பழையதோ புதியதோ, அது மேலே போகவே கூடாது. இதில் எனக்கும் அந்த வாசகருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வளைவுகளுக்கு நடுவில் சூடேறிய வண்டி ஒதுங்க இடம் இருக்கும் பகுதிகளில் கடைகள் போடாமல் இருந்தால் அதுவும் பெரிய உதவி. தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி வைத்துக் கோளாறு பார்க்கச் சொல்லிக் கொடுப்பது அவசியம்தான். அதோடு கார்புரேட்டரையும் ஒரு வாரமாவது கையில் கொடுங்கள். திரையில் கோளாறு எண் வராத வண்டியில் யோசித்துக் கண்டுபிடிக்கப் பழகிய பையன், எண் வரும் வண்டியிலும் கண்ணை மூடிக்கொண்டு சாமான் மாற்ற மாட்டான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனால் அளவை வீட்டிலேயே பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. தங்கள் வாகனப் பகுதியில் படத்துடன் வெளியிட்டால் பலருக்கும் பயன்படும். ஆய்வகச் சாமான் கடையில் 100 மில்லி அளவு குறித்த, மூடியுள்ள கண்ணாடிக் குழல் கிடைக்கும். அதில் 10 கோடு வரை தண்ணீர், மேலே 100 வரை பெட்ரோல் ஊற்றி மூடிக் குலுக்கி, சில நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கீழ் அடுக்கின் கோடு 10-இலேயே நின்றால் கலப்பு இல்லை; 19-ஐ ஒட்டி வந்தால் 10 சதவீதம், 28-ஐ ஒட்டி வந்தால் 20 சதவீதம். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும் என்பதையும், சோதித்த பெட்ரோலை மறுபடி டேங்கில் ஊற்றக் கூடாது என்பதையும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.